சாக், சோல், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கையெழுத்து

2006 ஏப்ரல், சனிக்கிழமை காலை பத்து மணி. கியூபெக்கில் நான் குடியிருந்த நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லொங்குய்க்குக் கிளம்பினேன். ஸ்காட்லாந்துப் பேச்சில் வில்லோ மரத்துக்கு வழங்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது என் ஆராய்ச்சி. எழுதி முடித்த அத்தியாயத்துக்கு, லொங்குய்யில் இருக்கும் நெறியாளர் அம்மையார் கையெழுத்துப் போட்டால் உதவித்தொகை நீளும். இல்லையென்றால் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். திங்கள் மதியம் கெடு.

மெட்ரோவில் உட்கார்ந்து, முந்தைய நாள் எடுத்த பிரெஞ்சு அகராதி ஜெராக்ஸைப் பிரித்தேன். வில்லோ ஸ்காட்லாந்தில் 'சாக்', இங்கே பிரெஞ்சில் 'சோல்'. பிரெஞ்சிலிருந்துதான் அங்கே போயிற்று என்று அடித்து எழுதியிருந்தேன். அகராதியோ, 'சோல்' ஃபிராங்குகள் என்ற பழைய ஜெர்மானியக் கூட்டத்தார் கொண்டுவந்த சொல் என்றது. பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த 'சாக்'குக்கும் அதே ஜெர்மானிய வேர்தான். ஒன்று இன்னொன்றிலிருந்து வரவில்லை, இரண்டும் கூடப் பிறந்தவை. இத்தனை மாதம் என்னத்தைக் கிழித்தேன்?

மேல்மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து யோகன் அண்ணை பக்கத்தில் இருந்தார். அவருக்கு லொங்குய்யில் வேலை.

“என்ன தம்பி, முகம் இருண்டு போச்சு?”

விஷயத்தைச் சொன்னேன்.

“அவ வாசிச்சிட்டாவோ?”

“வாசிச்சுட்டாங்கண்ணே. ரொம்பப் பிடிச்சுப் போச்சு.”

“அப்ப கையெழுத்தை வாங்கும். பிழையைப் பேந்து திருத்தலாம்.”

“அவங்களே கண்டுபிடிச்சா?”

“ஓம், அதுவும் இருக்குது,” என்றார்.

வில்லோக் கொம்புக்கு 'விடி' என்றும் ஒரு ஸ்காட்லாந்துச் சொல் உண்டு. கொம்பை முறுக்கிக் கயிறாக்குவதால் தூக்குக் கயிற்றுக்கும் அதே பெயர். பெர்ரி நிலையத்தில் மாறி ஏறிய வண்டி ஆற்றுக்கடியில் போகும்போது அந்தக் கயிறு என் கழுத்தில்தான் கிடந்தது.

பதினொரு மணிக்கு அம்மையார் வீடு. ஸ்காட்லாந்தில் பிறந்தவர், கணவர் கியூபெக்காரர். கல்யாணமான வருடம் நட்ட வில்லோ ஜன்னலுக்கு வெளியே நின்றது.

“என் ஊர்ச் சொல் இவர் வீட்டிலிருந்து போனதாமே!” என்று கணவரைக் காட்டிச் சிரித்தபடி பேனாவைத் திறந்தார்.

“போடாதீர்கள். தப்பு,” என்றேன். ஜெராக்ஸை நீட்டினேன்.

ஜெராக்ஸை இரண்டு முறை படித்தார். சிரிப்பு போய்விட்டது. பேனாவை மூடினார்.

“எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் நானும் சரிபார்க்கவில்லை.”

“கடன் இல்லை, சொந்தம். இது இன்னும் நல்லதல்லவா?” என்றார் கணவர் மெதுவாக. அம்மையார் ஜன்னல் பக்கம் திரும்பினார். மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கள் காலை கொண்டு வா. சரியாக இருந்தால்தான் போடுவேன்.”

திரும்பும் வண்டியில் தனியாக உட்கார்ந்தேன். சென்னையில் ஒரு வில்லோவைக்கூடப் பார்த்திராதவன், அதன் பெயருக்காக இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைகிறேனே என்று சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வண்டி ஆற்றுக்கடியில் நுழைந்ததும் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை எடுத்து, பிரெஞ்சுக் கடன் என்று சொன்ன தலைப்பைக் குறுக்கே அடித்தேன்.