நட்சத்திரக் குறி விழுந்த நாய்

கடைசல் பட்டறையில் அளவு சரிபார்க்கும் அவருக்கு, மில்லிமீட்டர் கணக்குப் பார்ப்பதால், ‘மில்லி’ என்று பெயர். கடைந்த தண்டு வரம்பை ஒரு முடி தாண்டினாலும் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவார். முதலாளி கெஞ்சினாலும் திரும்ப எடுக்கமாட்டார். இதைச் சிலர் நேர்மை என்கிறார்கள். பிடிவாதம் எங்கே முடிந்து நேர்மை எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் வீட்டுக் கிழட்டு நாய் குண்டம்மாவின் தோளில் ஒரு கட்டி. வெட்டியெடுக்க மயக்க மருந்து கொடுக்கவேண்டும். சிறுநீரகம் தாங்குமா என்று முதலில் ரத்தம் பார்க்கவேண்டும். “வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க” என்றார் நாய் டாக்டரம்மா. மில்லி சொன்னபடியே செய்தார்.

சோதனை முடிவில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் கீழ் வரம்பு, மேல் வரம்பு. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் யூரியாவும் கிரியாட்டினினும் மேல் வரம்பைத் தாண்டி நட்சத்திரக் குறியோடு நின்றன. மில்லி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“ரெண்டு அளவு வெளிய போயிடுச்சு. இவ அவ்ளோதான்.”

“யாரு, இவளா? இப்பத்தான் உங்க செருப்பைக் கடிச்சுத் துப்பினா!”

மறுநாள் மூவரும் டாக்டரம்மாவின் அறையில்.

“லிமிட்டைத் தாண்டின பீஸை எப்படிம்மா ஆபரேஷன் பண்ணுவீங்க?”

“பீஸா? சார், நல்லா இருக்கற நாய்ங்கள்லயே நூத்துக்கு அஞ்சு வெளியதான் நிக்கும். லிமிட்டையே அப்படித்தான் போட்டிருக்காங்க.”

“அப்ப உள்ள இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தமா?”

“அதுவும் சொல்லமுடியாது.”

மில்லி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். “அப்புறம் எதுக்கும்மா அவளை ஊசியால குத்தினீங்க?”

“நம்பரை நாயோட சேத்துப் பாக்கத்தான். அன்னைக்கு இவ தண்ணி குடிச்சாளா?”

“வெறும் வயிறுன்னீங்களே! முந்தின நாளே தண்ணிக் கிண்ணத்தைத் தூக்கிப் பரண்ல வச்சிட்டேன்.”

மனைவி திரும்பினாள். “அட பாவி மனுஷா! சோத்தைத்தானே நிறுத்தச் சொன்னாங்க? அதான் பாத்ரூம் கதவைப் போட்டு அந்தப் பிறாண்டு பிறாண்டினாளா!”

“உடம்புல தண்ணி வத்தினாலும் இந்த ரெண்டும் ஏறும்” என்றார் டாக்டரம்மா. “நல்லா குடிக்க விடுங்க. திரும்ப எடுக்கலாம்.”

இரண்டாம் முறை யூரியா வரம்புக்குள் இறங்கிவிட்டது. கிரியாட்டினின் மட்டும் மயிரிழை வெளியே. அதே நாய், அதே கருவி. எண் மட்டும் வேறு. பட்டறையில் இப்படி நடந்தால் ஒன்று கருவி பழுது, இல்லை பார்த்தவன் குடித்திருக்கிறான். இங்கே யாரைக் குறை சொல்வது?

“சிறுநீரையும் பாத்துட்டேன், நல்லா இருக்கு. பண்ணலாம், சம்மதமா?”

“உறுதியா சொல்றீங்களா?”

“உறுதின்னு சொல்லலை. பண்ணலாம்னு சொல்றேன்.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. குண்டம்மா அவர் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தாள். “பண்ணுங்க” என்றார். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மாலையில் குண்டம்மா தோளில் தையலோடு தள்ளாடி வெளியே வந்தாள். நேராகப் போய்த் தண்ணீர்க் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்தாள்.

“இவ்ளோ குடிக்கறாளே, இது நல்லதா?”

“குடிக்கறா. அவ்ளோதான் எனக்குத் தெரியும்” என்றாள் மனைவி.

மில்லி குனிந்து, கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்.