மூன்றாவது வரிசைக் குரல்

பாடுகிறவன் செய்யக் கூடாத காரியத்தைப் போன வாரம் சனிக்கிழமை செய்தேன். பாலிக் புலாவில் ஒரு பழத்தோட்டத்துக்குப் போய், மரத்தடியிலேயே உட்கார்ந்து, வயதை மறந்து டுரியான் பழம் தின்றேன். ஞாயிறு காலை எழுந்து வாயைத் திறந்தால்... வெறும் காற்று.

ஜார்ஜ் டவுனில் எங்களுடையது சிறிய தமிழ்ச் சபை. பல வருடங்களாக அங்கே ஆராதனைப் பாடல்களை நடத்துவது நான்தான். வேறு யாரும் மைக்கைக் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. அன்று வேறு வழியில்லை. கீபோர்டு வாசிக்கும் ஷீலாவிடம் கொடுத்தேன். அவள் பாயான் பாருவில் ஒரு ஃபேக்டரியில் இன்ஜினியர்.

"அங்கிள், நான் பாடினா என் சுருதியில பாடலாமா?"

"பாடும்மா. அதுல என்ன இருக்கு?" என்று கிசுகிசுத்தேன்.

என்ன இருக்கிறது என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

மூன்றாவது வரிசையில், என் மனைவி எஸ்தர் பக்கத்தில் போய் நின்றேன். ஷீலா தொடங்கினாள். முதல் வரி முடியவில்லை — மழைக்கு முன் கடலிலிருந்து வருமே ஒரு காற்று, அதுபோல ஒரு சத்தம் கூடத்துக்குள் நுழைந்தது. பெண்கள் பாடுகிறார்கள். எங்கள் சபைப் பெண்களா? மின்விசிறிகள்கூட மெதுவாகச் சுற்றுவது போலிருந்தது. என் தோளருகே ஒரு குரல் எழும்பியது. மெல்லிய, நேரான குரல். ஏதோ கனவில் கேட்டு, விழித்ததும் மறந்துபோன குரல். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால் நின்றுவிடுமோ?

எஸ்தர் பாடிக்கொண்டிருந்தாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பெண்கள் வாயைத் திறப்பதில்லை என்று அவர்களை மைக்கிலேயே குத்திக் காட்டியவன் நான். "சகோதரிகளே, பசார்ல மீன் வாங்கும்போது மட்டும்தான் சத்தம் வருமா?" ஆண்கள் சிரிப்பார்கள். பெண்கள் தலைகுனிவார்கள். வீட்டில் இன்னும் மோசம். "ஆண்டவரே, என் மனைவியின் குளிர்ந்துபோன இருதயத்தை அனலாக்கும்" என்று, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஜெபித்திருக்கிறேன். அவளும் "ஆமென்" சொல்லியிருக்கிறாள்.

ஆராதனை முடிந்ததும் ஷீலாவைப் பிடித்தேன்.

"கோவிச்சுக்காதீங்க அங்கிள். வயசாக ஆக உங்க குரல் இறங்கிச்சு. நானும் கீபோர்டுல சுருதிய இறக்கிக்கிட்டே வந்தேன். ஒரு பட்டன்தானே லா! உங்களுக்கு ஈஸி. லேடீஸ் பாவம்... கீழ பாடினா சத்தமே வராது, மேல போனா கத்தணும்."

"ஏம்மா சொல்லல?"

"உங்ககிட்டயா? யாரு வந்து சொல்றது!"

மேடையில் பாடுகிறவனைப் பார்த்தபடி ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்பார்கள் — அவன் குரல் அவனுக்கே கேட்பதற்காக. இத்தனை காலமும் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஊரில் மைக் பிடித்த எல்லோருக்கும் முன்னால் அப்படி ஒன்று இருக்கிறதோ?

காரில் திரும்பும்போது எஸ்தரிடம் கேட்டேன். "நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. சுருதிய கொஞ்சம் ஏத்துங்கன்னு கேட்டேன். 'நீ விசுவாசத்த ஏத்து, பாட்டு தானா வரும்'னீங்க. அதோட விட்டுட்டேன்."

சொல்லியிருப்பேன். நான் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது.

"மன்னிச்சிடு" என்றேன். தொண்டையில் குரல் இல்லாததால் அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தபடி வந்தவள், சற்றுப் பொறுத்துக் கேட்டாள்.

"தொண்டை சரியாயிட்டா, அடுத்த வாரம் நீங்கதானே?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் கையிலிருக்கும் பொருளைத் திருப்பிக் கேட்கப் போகிறார்களோ என்று பயப்படுகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

இரண்டு மூன்று நாளில் தொண்டை திறந்துவிட்டது. முதல் வேலையாக ஷீலாவுக்குப் போன் செய்தேன்.

"இனிமே நீயே நடத்தும்மா. உன் சுருதியிலேயே."

"அங்கிள், குரல்தான் ஜம்முனு வந்துடுச்சே!"

"பேசத்தாம்மா வந்திருக்கு. பாட வரல."

சமையலறையில் எஸ்தர் பாத்திரம் கழுவிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை மேல் ஸ்தாயியில் எடுத்தாள்.

ஒரு வீட்டுக்கு ஒரு பாடகர் போதும்.