அப்பா கலாவுக்குச் சொன்ன கதை

மைதாப் பசை கொதிக்கும்போது முதலில் ஒரு நல்ல மணம் வரும். கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்து வீடே நாறும். எட்டாம் வகுப்பில், பள்ளியின் வரலாற்றுக் கண்காட்சிக்காக எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டில் நான் காய்ச்சியது அப்படி அடிப்பிடித்த பசைதான். பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதிய 'கண்டோன்மென்டுக்கு வந்த வெள்ளைக்காரர்கள்' என்ற தாளை அதை வைத்துத்தான் சார்ட்டில் ஒட்டினேன். ஊர்விட்டு ஊர் வந்தவர்களைப் பற்றியும், அவர்களால் பெங்களூர் எப்படி மாறியது என்பதைப் பற்றியும் ஆளுக்கொரு சார்ட் செய்யச் சொல்லியிருந்தார் ஹிஸ்டரி மிஸ். எங்கள் வீட்டில் அப்படி வந்தவர் யாருமில்லை என்றே நினைத்திருந்தேன்.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். பேசவே மாட்டார். "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும் உங்கப்பாவுக்கு" என்பாள் அம்மா. சாப்டியா, லைட்ட ஆஃப் பண்ணு, ரோட்டப் பாத்துப் போ, இவ்வளவுதான் ஒரு நாளைக்கு அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது, எல்லா அப்பாக்களும் இப்படித்தான் என்று நானும் இருந்துவிட்டேன்.

எட்டு வீட்டுக்கு ஒரே குழாய் இருந்த எங்கள் வரிசையை 'வட்டாரா' என்போம். அதன் கடைசி வீட்டில் இருந்தவள் கலா, என் வகுப்புதான். சேலத்திலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, "லாரில சாமான் ஏத்துனோம், வந்தோம், அதுல எழுத என்னடி இருக்கு?" என்று சலித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பி வந்தால், எங்கள் வீட்டு வாசல்படியில் நோட்டும் கையுமாக அவள் உட்கார்ந்திருக்க, அப்பா பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி, சிரித்துக்கூடப் பேசினார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல பாப்பா, சும்னே" என்றார், சும்மா என்பதைக் கன்னடத்தில். எனக்கு இடுப்பில் குடம் இருப்பதே மறந்துபோனது. என் அப்பா, என் வீட்டு வாசல், அவளுக்கு என்ன அங்கே வேலை?

கண்காட்சியன்று என் வெள்ளைக்காரர்களை ஒரு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. கலாவின் சார்ட்டைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் நீலப் பேனாவால் போட்ட ஒரு ரயில் பாதைப் படம். அதிலிருந்த எழுத்தைப் பார்த்ததுமே அப்பாவின் கை என்று தெரிந்தது, எனக்கு ஒரு மாம்பழம்கூட வரைந்து கொடுத்ததில்லை அந்த மனுஷன். படத்துக்குக் கீழே, 'பதினோரு வயதில், ஐந்து வயதுத் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினேன்' என்று அப்பாவே சொல்வதுபோல் தொடங்கியிருந்தது. அப்பாவுக்குத் தம்பியா? எனக்கு ஒரு சித்தப்பா இருந்ததை ஊரே படித்துக்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரியாது! அதற்கு மேல் ஒரு வரி படிக்கக்கூடாது என்று ஒரு வீம்பு வந்தது. நேரே மிஸ்ஸிடம் போனேன்.

"மிஸ், கலா எழுதினது எல்லாம் பொய். எங்கப்பாவுக்குத் தம்பியே கெடையாது."

அப்பா அரைநாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தது அதன் பிறகுதான். முதலில் என் சார்ட்டுக்குத்தான் வந்தார், ஒரு வரி விடாமல் நின்று படித்தார். மிஸ் அவரைக் கூப்பிட்டு, கலாவையும் என்னையும் பக்கத்தில் நிறுத்தி, உங்கள் மகள் இப்படிச் சொல்கிறாளே, இதில் எது நிஜம் என்று கன்னடத்தில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லா மேடம், சும்னே ஹேளிதே" என்றார் அப்பா. சும்மா சொன்னேன், அவ்வளவுதான். பிறந்ததே பெங்களூர்தான், கூடப் பிறந்தவர் யாருமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

என்னைப் பொய்க்காரி ஆக்காமலிருக்கத் தன் தம்பியை இல்லையென்று சொல்லிவிட்டார். கலாவின் சார்ட்டைக் கழற்றிச் சுருட்டினார்கள். எல்லார் முன்னாலும் அவள் அழுதாள், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கேட்டிருந்தா உனக்கும் சொல்லியிருப்பேனே, பாப்பா."

அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்டால் என் பொய்யிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும், அதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரிடமும் எடுத்ததில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. வட்டாராவை இடித்து நாலு மாடி கட்டி, குழாயடி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவைக் கேட்டால், "என்கிட்ட எங்க சொன்னாரு" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள்.

போன வாரம் என் மகள் மேகா வந்து நின்றாள். அவள் பள்ளியிலும் இப்போது அதே மாதிரி ஒரு கண்காட்சி. "தாத்தா எங்கேர்ந்து வந்தாரு? எப்படி வந்தாரு?" என்று துளைத்தாள். ஜோலார்பேட்டைக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, பள்ளித்தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் கலாவின் எண்ணைத் தேடி எடுத்து, அப்பா அன்று சொன்ன கதையைக் கேட்டேன்.

"அதான் சும்மா சொன்னேன்னு உங்கப்பாவே சொன்னாரே" என்றாள் கலா.

"இல்ல கலா. அவரு சொன்னது நெஜம். நாந்தான் பொய் சொன்னேன்."

"எத்தன வருஷமா அந்த மனுஷனப் பொய்க்காரர்னு நெனச்சிட்டிருந்தேன்டி" என்றாள். நோட்டு எப்போதோ போய்விட்டதாம், கதை மட்டும் ஒரு வரிகூட மறக்கவில்லையாம். சொல்லேன் என்றேன்.

"உனக்குச் சொல்ல மாட்டேன். உன் பொண்ணுகிட்ட போனக் குடு."

மேகா போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அரை மணி நேரம் ஆகிறது. "அய்யோ... அந்தக் குட்டிப் பையன் என்ன ஆனான் ஆன்ட்டி?" என்று அவள் கேட்டது மட்டும் வெளியே கேட்டது. பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், பெற்ற மகள்மேலேயே வயிறு எரிகிறது.