கடைசிக் காட்சியில் அவள் பதில் சொல்லவில்லை

இன்று காலை 10.12க்குச் செய்தி வந்தது.

சுமதியின் குறும்படம் சுங்கைப் பட்டாணியில் திரையிடத் தேர்வாகியிருக்கிறது!

(எடுத்தவள் தீபாவளிக்கு முன்பே இறந்துபோய்விட்டாள். ஒலிப்பதிவு செய்த கணவன் நான் இருக்கிறேன். ஃபேக்டரியில் மெஷின் டெக்னிஷியன்.)

படம் தெரியாதவர்களுக்கு: கோலா கெத்தில் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி, தான் யார் என்று தேடி வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். கடைசியில் தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் மீன் விற்கும் அக்கா கேட்கிறார்: “நீ யாரு மகம்மா?”

நம் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தானே!

பெண் வாயைத் திறக்கிறாள். பதில் வரவில்லை. காற்றுச் சத்தம். படம் முடிகிறது.

(அக்காவின் முகம் படத்தில் தெரியாது. நடிக்க வேண்டியவர் வரவில்லை. குரல் சுமதியுடையது.)

திரையிடல் ஏற்பாட்டாளர் போன் செய்தார்.

“தம்பி, படம் பவர் லா! ஆனா கடைசில அந்தப் புள்ள ஒன்னுமே சொல்லலயே. ‘நான் லெட்சுமி மக’ன்னு அம்மா பேரச் சொல்லி ஒரு வரி டப்பிங் போட்டுடு. ஹாலே அழும்!”

“சுமதி வேணாம்னுதாண்ணே விட்டா.”

“அவங்க இருந்தா அவங்ககிட்டயே பேசிருப்பேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லு. இல்லன்னா வேற படம் போட்டுடுவோம்.”

மாமியாரிடம் சொன்னேன்.

“ஒரு வரிதானே மாப்ள? போட்டுடுங்க. எம் புள்ள பேரு ஸ்க்ரீன்ல வரத நான் பாக்கணும்.”

இதற்கு என்ன சொல்வது?

படப்பிடிப்பு அன்று நானும் சுமதியிடம் இதையேதான் கேட்டேன். “ஒரு டயலாக் வையேன். ஆளுங்களுக்குப் புரியாது லா.”

“அவளுக்கே இன்னும் தெரியல, மெஷின்காரரே! நான் எப்படி எழுதுறது?”

ஆனாலும் மதியம் லேப்டாப்பில் அந்த வரிக்கு இடம் வெட்டி வைத்துவிட்டேன்.

டீ குடிக்கக் கடைக்குப் போனேன். பக்கத்து மேசைப் பெரியவர் கேட்டார்.

“தம்பி யாரு? பாத்த மொகமா இருக்கே.”

“நான் சுமதியோட...”

அதற்கு மேல் வரவில்லை. வீட்டுக்காரர் என்று சொல்லலாமா? இன்னுமா?

அவர் என் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

“பரவால்ல தம்பி. டீ ஆறுது, குடிங்க.”

எனக்கே வராத பதிலை அந்தப் பெண்ணின் வாயில் எப்படித் திணிப்பேன்?

வீட்டுக்கு வந்து ஏற்பாட்டாளர் அண்ணனுக்கு அனுப்பினேன்: “மாத்த மாட்டேண்ணே. அவ எடுத்த மாதிரியே போடுங்க. இல்லன்னா விட்டுடுங்க.”

பிறகு மாமியாருக்குப் போன் போட்டேன்.

“அத்தே, ஹால்ல வராட்டி உங்க வீட்டு டிவில நானே போட்டுக் காட்டுறேன்.”

நெடுநேரம் அழுதார்.

“சனிக்கெழம வாங்க மாப்ள. சாப்ட்டுட்டுப் பாப்போம்.”

அண்ணனிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வந்தாலும் இன்று பார்ப்பதாக இல்லை.

இதை லேப்டாப்பில்தான் எழுதுகிறேன். யாரும் கூப்பிட வேண்டாம். போனை அணைத்துவிட்டேன்.