தம்பியின் காதும் கருகிய மீனும்

என் தம்பி பிறந்து வீட்டுக்கு வந்த அன்று எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். மூக்கு அப்பாவுடையதா அம்மாவுடையதா என்று பெண்களுக்குள் ஒரு வழக்கே நடந்தது. நான் மட்டும் கூட்டத்துக்குள் தலையை நுழைத்து அவன் காதைப் பார்த்தேன். முதலில் வலது, பிறகு இடது. இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. பக்கத்தில் நின்ற யாரோ, அண்ணனுக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று மெச்சினார்கள். நான் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டேன். செய்த குற்றம் அப்படி.

குற்றத்தைச் சொல்வதற்கு முன் வீட்டைச் சொல்ல வேண்டும். வீடு என்று நான் சொல்வது ஒரு பெருமைக்காகத்தான். சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியைப் பலகை வைத்து ஐந்தாகத் தடுத்திருந்தார்கள். அதில் ஒன்று எங்களுடையது. பலகை கூரை வரை போகாது. ஒருவர் தும்மினால் மற்ற நான்கு குடும்பமும் "நூறு" என்று சொல்லும். சமையல் கீழே பின்கட்டில். வரிசையாக ஐந்து கரியடுப்புகள். யார் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே அம்மா, தம்பி வயிற்றில் இருந்த அந்த வருஷம், எல்லாரும் சமைத்து முடித்துப் போன பிறகு கீழே இறங்க ஆரம்பித்தாள்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். காலையில் வாசலில் போய் நிற்க வேண்டும். கங்காணி கை காட்டினால்தான் அன்றைக்கு வேலை. அந்த வருஷம் கப்பல் குறைந்து போயிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அவருக்குக் கை காட்டினால் அதிகம். மற்ற நாள்களில் வெயில் ஏறுமுன்பே திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கு நான்கு மாதம். எனக்கு எட்டு வயது. பசிக்கும் எனக்கும் மட்டும் அந்த வீட்டில் ஒரு நாளும் விடுமுறை கிடையாது.

சாயந்திரம் ஒரு வேளைதான் சோறு. அம்மா எனக்கும் அப்பாவுக்கும் போடுவாள். தனக்கு வைத்துக்கொள்ளமாட்டாள். கேட்டால், "எனக்குப் பசிக்கல" என்பாள். அப்பா பாதி சாப்பிட்டுவிட்டு, வயிறு திம்மென்று இருக்கிறது என்று தட்டை அவள் பக்கம் தள்ளுவார். அவள் அதை என் பக்கம் தள்ளுவாள். நான் யாருடைய மனமும் புண்படாதபடி அத்தனையையும் சாப்பிட்டு முடிப்பேன். அம்மாவுக்கு ஏன் பசிக்கவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கமும் இருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, சோறு போக இடமில்லை. இதைப் பள்ளிக்கூடத்தில் ஒருவனுக்குச் சொல்லி, அதற்கு அவனிடம் அரை பிஸ்கோத்தும் வாங்கிக்கொண்டேன்.

அம்மா வேறு மாதிரி ஆகியிருந்ததையும் நான் கவனித்தேன். எனக்குச் சௌகரியமான வழியில் கவனித்தேன். முன்பெல்லாம் அவள் வாய் ஓயாது. ஐந்து குடும்பத்து ஆள்களையும், கங்காணியையும், கோயில் வாசல் பூக்காரரையும் அப்படியே நடித்துக் காட்டுவாள். என்னை அடிக்க வரும்போதுகூட என்னைப் போலவே அழுதுகாட்டிவிட்டுத்தான் அடிப்பாள். அந்த வருஷம் நடிப்பும் நின்றது, அடியும் நின்றது. தலை வாராமல், பலகைத் தடுப்பைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் பிடிக்க அவள் முறை வந்தால் மூன்று தடவை கூப்பிட வேண்டும். அவளுடைய சீப்பை நான் ஒரு நாள் இரண்டாக உடைத்துவிட்டேன். உடைந்த துண்டுகளைப் பார்த்தாள். "போகட்டும்" என்றாள். எனக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பக்கத்து அறையில் ஒரு பெரியம்மா இருந்தாள். சொந்தமில்லை, பழக்கம். அவள் கணவர் பஸ் கண்டக்டர், ஆகையால் அவள் அடுப்பில் மீன் பொரியும். அந்த அடுப்படியில் நான் வழக்கம்போல் காரணமில்லாமல் நின்றுகொண்டிருந்த ஒரு நாள், அவள் என் அப்பாவிடம் சொன்னாள்: "வாயும் வயிறுமா இருக்கிறவ ஆசைப்பட்டதைக் கொடுக்கலைன்னா பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும். அவ என்ன கேக்குறாளோ வாங்கிக் கொடுங்க."

"அவ எதையுமே கேக்க மாட்டேங்கிறாளேக்கா" என்றார் அப்பா.

இதில் ஒரு காலியிடம் இருப்பது எனக்கு உடனே புரிந்தது. அம்மா கேட்காததை அவள் பெயரால் யாராவது கேட்கலாம் அல்லவா?

முதலில் போனது முனையிலிருந்த மளிகைக் கடைக்கு. கடைக்காரரை எல்லாரும் நானா என்று கூப்பிடுவோம். நாகூர்ப் பக்கத்துக்காரர். கடை வாசலில் பேரீச்சம்பழப் பெட்டி திறந்திருக்கும், அதன் மேல் ஈயும் என் கண்ணும் மொய்க்கும். அம்மாவுக்குப் பேரீச்சம்பழம் சாப்பிடணும்போல இருக்காம் என்றேன். நானா என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கூம்பு செய்து, நிறையப் போட்டார். "பிள்ளைத்தாச்சி கேட்டு இல்லன்னு சொல்லக்கூடாது வாப்பா. ஓடு, சூடா ஓடு லா" என்றார். பேரீச்சம்பழத்தில் சூடு என்ன, ஆறுவது என்ன என்று யோசித்தபடி சந்தில் திரும்புவதற்குள் கூம்பு காலி. கொட்டைகளைச் சாக்கடையில் ஒவ்வொன்றாக விட்டேன்.

அப்புறம் தலையில் கூடையோடு வரும் இடியாப்பக்காரர். அம்மாவுக்கு ஆசை என்றதும் இரண்டு இடியாப்பத்தின் மேல் தேங்காய்ப்பூவையும் பழுப்புச் சர்க்கரையையும் தாராளமாகத் தூவிக் கொடுத்தார். அப்புறம் பெரியம்மாவே. முறை வைத்துப் போனேன், ஒருவரிடம் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அம்மா ஆசைப்படமாட்டாள். காதுச் சீழ் பற்றி மனசாட்சி உறுத்தியபோது, அம்மா உண்மையில் ஆசைப்படவே இல்லை, ஆகவே இது கணக்கில் வராது என்று தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். ஒரு மாதத்தில் எங்கள் அறையில் வயிறு தெரிந்தது எனக்குத்தான். ஐந்து மாதமாகியும் அம்மாவுக்கு வெளியே தெரியவில்லை.

அகப்பட்டது கணவாயால். பெரியம்மா ஒரு நாள், ரப்பர்போல மெல்ல வேண்டிய கணவாயை மிளகாய் விழுதில் வதக்கிச் சம்பல் செய்து, அம்மா கேட்டதாக நான் சொன்னதும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். படிக்கட்டின் வளைவில் உட்கார்ந்து முடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் அம்மா தண்ணீருக்குக் கீழே இறங்கினாள். நான் பின்னால் இருந்தேன். பெரியம்மா, நேற்றுக் கொடுத்தது நன்றாக இருந்ததா என்று கேட்டாள்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"நல்லா இருந்துச்சுக்கா. மீன் ரொம்ப மெதுவா இருந்துச்சு" என்றாள்.

கணவாயை மெதுவான மீன் என்று சொன்னதைக் கேட்டுப் பெரியம்மா கையிலிருந்த கரண்டியை நிறுத்தினாள். என்னையும் பார்த்தாள்.

மாடிக்குப் போனதும் எனக்கு நல்ல அடி விழும் என்று, வலி தெரியாமலிருக்கச் சட்டைக்குள் ஒரு சட்டை போட்டுக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. பாயில் உட்கார்ந்தாள். எனக்கும் பக்கத்தில் இடம் காட்டினாள்.

"நல்லா இருந்துச்சாடா?"

இருந்தது என்று தலையாட்டினேன். வேறு எங்கெல்லாம் வாங்கினேன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே எச்சில் ஊறியது. அவள் கோபப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்ததாக எனக்குத் தோன்றியது.

"ஊரே உனக்குச் சோறு போடுது" என்றாள். பலகையையே பார்த்தபடி, "நான் இல்லன்னா நீ பெரியம்மாகிட்ட சாப்பிட்டுக்குவியாடா?" என்று கேட்டாள்.

"ஓ, சாப்பிடுவேனே" என்றேன். "அங்க தினமும் மீனு."

"சரி" என்றாள் அம்மா.

இப்படி ஒரு நல்ல ஏற்பாடு நடக்கும்போது அதை உறுதி செய்துகொள்ளாமல் விடக்கூடாது என்பது என் எண்ணம். உடனே கீழே ஓடினேன். பெரியம்மா அப்போது இரண்டு துண்டு மீனை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். கணவாய் விஷயத்தைப் பேச அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பெரியம்மா, அம்மா இல்லன்னா உங்ககிட்ட சாப்பிட்டுக்கச் சொன்னாங்க. இன்னைக்கே வரட்டுமா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எப்போது சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று இரண்டு தடவை கேட்டாள். சொன்னேன். சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினாள். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஏறி நான் பார்த்ததில்லை. எங்கள் அறையின் திரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா அழும் சத்தம். பல மாதங்களுக்கு அப்புறம் அவளிடமிருந்து வந்த பெரிய சத்தம் அதுதான். பலகைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் யாரும் தும்மக்கூட இல்லை.

என்னைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன். கீழே மீன் ஒரு பக்கம் சிவந்து, கறுத்து, புகைய ஆரம்பித்தது. படியடியில் நின்று, "பெரியம்மா, மீன் கருகுது" என்று கத்தினேன். வரவில்லை. மறுபடி கத்தினேன். வரவில்லை. பொரிகிற மீனை யாராவது இப்படி விட்டுவிட்டுப் போவார்களா? கடைசியில் நானே சட்டியை இறக்கினேன். கையைச் சுட்டுக்கொண்டதற்குக் கூலியாகக் கருகாத ஓரத்தைச் சாப்பிட்டேன்.

அதோடு என் வியாபாரம் படுத்தது. அன்று மாலை பெரியம்மா அப்பாவிடம் தணிந்த குரலில் வெகுநேரம் பேசினாள். அதற்குப் பிறகு அம்மா தட்டில் சோறு விழும்வரை அப்பா தன் தட்டைத் தொடுவதில்லை. பெரியம்மா தினமும் மத்தியானம் தன் சட்டியோடு எங்கள் அறைக்கு வந்துவிடுவாள். "தனியா சாப்பிட்டா எனக்கு இறங்க மாட்டேங்குது தங்கச்சி" என்பாள். அந்த உடம்பைப் பார்த்தால் அவளுக்குத் தனியாகவும் நன்றாகவே இறங்கியிருக்கிறது என்று தெரியும். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அம்மா கை நின்றால் பெரியம்மா கையும் நிற்கும். முடிந்ததும் அவள் அம்மாவுக்குத் தலை வாரிவிடுவாள், அரைச் சீப்பால். மற்ற மூன்று அடுப்புகளிலிருந்தும் ஏதாவது ஒன்று மேலே வந்தது. தாய்சேய் மருந்தகத்துக்கும் பெரியம்மாதான் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். அங்கே கொடுத்த பால்மாவை நான் ஒரு கரண்டி சோதித்துப் பார்த்தேன். மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, நாள் முழுக்க என்னைப் பேச விடாமல் பழி வாங்கியது.

நானாவுக்கும் செய்தி போயிருந்தது. அடுத்த தடவை அவரே என்னைக் கூப்பிட்டு, மூன்று பேரீச்சம்பழத்தை என் உள்ளங்கையில் வைத்தார். "இது உனக்கு. இங்கேயே நின்னு தின்னு" என்றார். பிறகு ஒரு பொட்டலத்தை நூலால் நான்கு சுற்றுச் சுற்றி, என் பல்லுக்கும் அவிழாத ஒரு முடிச்சுப் போட்டு, "இது அம்மாவுக்கு" என்றார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. தாய் வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் பின்கட்டிலேயே ஐந்து அடுப்பும் சேர்ந்து நடத்தின. புளியோதரை ஓர் அடுப்பு, எலுமிச்சைச் சோறு ஓர் அடுப்பு என்று ஆளுக்கு ஒன்று. எனக்குக் கடைசியில்தான் பரிமாற வேண்டும் என்பது பெரியம்மாவின் உத்தரவு. கண்ணாடி வளையல் போட்ட கையை ஆட்டிக்கொண்டு அம்மா திடீரென்று எழுந்து நின்றாள். தோளைக் குறுக்கி, வயிற்றைத் தள்ளி, கண்ணைச் சட்டிப் பக்கம் உருட்டி, என் குரலில், "இன்னைக்கே வரட்டுமா பெரியம்மா?" என்றாள்.

அச்சு அசல் நான்தான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா வாசலில் நின்றபடி சிரித்தார். நானும் சிரித்தேன். பிற்பாடு எங்களுக்குக் குவீன்ஸ்டவுனில் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்துப் போன பிறகும், யார் வந்தாலும் அம்மா அதை நடித்துக் காட்டுவாள். அதற்கு முன்னால் என்னிடம் அவள் என்ன கேட்டாள் என்பதை மட்டும் விட்டுவிடுவாள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள், அது அணைந்த அடுப்பு. நான் அவ்வளவு தூரம் கேலிக்கு ஆளாகியும் அவள் ஒரு சிரிப்பைக்கூடச் செலவழிக்காதது எனக்கு அவமானமாக இருந்தது. பதிலுக்கு அவளை மடக்க வேண்டும் என்று, "அன்னைக்கு நீங்க ஏன் மீனைக் கருக விட்டீங்க?" என்று கேட்டேன்.

"மறந்துட்டேன்டா" என்றாள்.

நம்பினேன். பசிக்கவில்லை என்பதை நம்பியவனுக்கு இது ஒரு பெரிய காரியமா? தவிர, எனக்கு அப்போது யோசிக்க வேறு விஷயம் இருந்தது. தம்பியோ தங்கையோ பிறக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது, காதைப் பற்றிய கவலை என்னைத் தின்றுகொண்டிருந்தது.