மேலே படிக்கவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ்

முதலாண்டு நினைவு நாளில் எங்கள் இல்லம் தேடி வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் முதற்கண் ஒரு விளக்கம் தரக் கடமைப்பட்டுள்ளேன். முகப்பில் உள்ள படத்தின் அடியில் 'எங்கள் அண்ணியார், பி.ஏ.' என்று அச்சிடப்பட்டுள்ளது. உறவுமுறைப் பெயரின் பின்னே பட்டத்தை ஒட்டுதல் மரபன்று. தமிழ் கற்பித்துப் பிழைக்கும் நான் அதை அறியாதவன் அல்லேன். அச்சகத்தாரும் ஐயுற்று இருமுறை தொலைபேசியில் கேட்டார். ஆயினும் அப்படியே இருக்கட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அந்த இரண்டெழுத்துக்காக அண்ணியார் எத்தனை காலம் காத்திருந்தார், யாருக்காகக் காத்திருந்தார் என்பதைச் சொல்லி முடித்தால், மரபு சற்றே ஒதுங்கி வழிவிடும் என்று நம்புகிறேன்.

அண்ணியார் ஆந்திர மாநிலத்து நாராயணவனத்தில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். தமிழ்வழிப் பள்ளியில் பத்தாம் வகுப்பை முதல் மாணவியாகத் தேறினார். தெலுங்கையும் தமிழுக்கு இணையாக எழுதக் கற்றிருந்தார். இன்டர் எனப்படும் மேல்நிலை வகுப்பில் சேர விண்ணப்பத் தாள் வாங்கி வந்த கிழமையிலேயே திருமணப் பேச்சும் வந்து சேர்ந்தது. விண்ணப்பம் தகரப் பெட்டிக்குள் போயிற்று. பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

எங்கள் ஊர் புத்தலப்பட்டுக்கு அருகில் உள்ளது. பல தலைமுறையாக நிலமற்றிருந்த குடும்பத்துக்கு அப்போதுதான் ஓர் ஏக்கர் பட்டா கிடைத்திருந்தது. அண்ணியாருக்கு அத்தை மகனான என் அண்ணன், எட்டாம் வகுப்போடு பள்ளியை மன்னித்து விட்டுவிட்டு வெல்லம் காய்ச்சப் போனவர். நானோ பிறவியிலேயே பார்வையற்றவன். வந்த மூன்றாம் நாளே என் பாடநூலை எடுத்து வாசித்துக்காட்டத் தொடங்கினார் அண்ணியார். வாசித்தார் என்று மட்டும் சொல்வது முழு உண்மையாகாது. நடுநடுவே நூலாசிரியரை நிறுத்தி விசாரணையும் செய்வார்.

"ஒரு வார்த்தைல சொல்றத ஒம்போது வார்த்தைல சொல்றாரு தம்பி. வீட்ல அவரு பேச்ச யாரும் கேக்கறதில்ல போலக்குது."

நான் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது சொல்வதை எழுதுபவர் ஒருவர் தேவைப்பட்டார். பார்வையற்ற மாணவன் வாயால் சொல்ல, அவர் விடைத்தாளில் எழுதுவார். மணிக்கு இருபது மணித்துளி வீதம் மிகுநேரமும் உண்டு. எழுதுபவர் மாணவனைவிடக் குறைவாகப் படித்தவராக இருத்தல் வேண்டும் என்பது விதி. தம் அறிவையும் கலந்து எழுதிவிடலாகாது என்னும் நியாயம் பற்றி எழுந்தது அது. எங்கள் கல்லூரியோ எச்சரிக்கை மிகுதியால் அவ்விதியை இன்னும் இறுக்கி, பத்தாம் வகுப்புக்கு மேல் ஒரு படியும் ஏறாதவரே வேண்டும் என்று வைத்திருந்தது. கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். பின்னாளில் அது திருந்திவிட்டது.

தேர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் அண்ணியாரின் சான்றிதழை இரு புறமும் புரட்டும் ஓசை கேட்டது.

"டென்த் பாஸ், ஓகே அம்மா. மேல படிக்கலன்னு ப்ரூப் எங்க?"

"படிச்சிருந்தா அதக் காட்ட மாட்டேனா சார்?"

"அதே நம்ம டவுட். படிச்சிட்டு காட்டாம இருந்தா?"

"படிச்சத எவனாச்சும் மறைப்பானா சார்? எங்க ஊர்ல ஃபெயிலானவனே பாஸுன்னு சொல்லிக்கினு திரியறான்."

இந்த வாதம் எடுபடவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து வருவாய்த்துறை மண்டல அலுவலகத்தில் சான்றிதழ் பெற்று வரச் சொன்னார்கள். அண்ணன், அண்ணியார், நான் மூவரும் சென்றோம். அங்கிருந்த எழுத்தர் தெலுங்கர்; தமிழரிடம் தமிழிலேயே பேசும் பண்பாளர். எங்கள் தேவையை இருமுறை சொல்லக் கேட்டார்.

"பர்த், டெத், கேஸ்ட், இன்கம், ரெசிடென்ஸ். லிஸ்ட்ல இவ்ளோதான் உண்டு. படிக்காத சர்டிபிகேட் லேது அம்மா."

"லேதுன்னா இன்னா சார், நீங்க எழுதினா உண்டு."

அவர் சிரித்துவிட்டு, தெலுங்கில் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். அண்ணியார் சன்னல் திட்டில் தாளை வைத்து நின்றபடியே எழுதிக் கொடுத்தார். எழுத்தர் அதை வாய்விட்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் மெதுவாயிற்று.

"இத யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார். எதிர்லதான எழுதினேன்."

"இவ்ளோ நல்லா எழுதறவங்க டென்த்தோட நின்னுட்டாங்கன்னு நான் எப்படிம்மா சைன் போடறது?"

"நல்லா எழுதனது தப்பா சார்?"

"தப்பு இல்ல. நம்ப முடியல."

அண்ணியார் மனுவைத் திரும்ப வாங்கி மடிக்கும் ஓசை கேட்டது. பிறகு அண்ணனிடம், "மாமா, இந்தா பேனா. நீ எழுது" என்றார்.

அண்ணன் எழுதினார். ஆறு வரிக்கு அரைமணி நேரமாயிற்று. எழுத்தர் அதை வாசிக்க முயன்றார்; மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் முயன்றாராம். "ஆங், இது நம்பற மாதிரி உண்டு" என்று கையொப்பமிட்டு முத்திரை வைத்தார். அதன் கீழே, இச்சான்றிதழ் ஆறு மாதத்துக்கு மட்டுமே செல்லும் என்றும் எழுதினார்.

"அது எதுக்கு சார்?"

"ஆறு மாசத்துல படிச்சிட்டா?"

ஆகவே ஒவ்வொரு பருவத் தேர்வுக்கு முன்பும் அண்ணன் கைப்பட எழுதிய மனுவோடு அண்ணியார் மண்டல அலுவலகம் சென்றார். பி.ஏ. மூன்றாண்டும் அவ்வாறே கழிந்தது. எம்.ஏ. படிக்கத் திருப்பதி சென்றேன். அங்கே இத்தாள் தேவையே இல்லை. ஆயினும் பழைய கோப்பில் அது இருப்பதைக் கண்டு, முன்பு கொடுத்தீர்களே, இப்போதும் கொடுங்கள் என்றார்கள். போகும்போதெல்லாம் எழுத்தர் எங்களை ஒரே கேள்வியோடு வரவேற்பார்.

"இன்னாம்மா, இன்னும் படிக்கலயா?"

"இன்னும் இல்ல சார்."

முதல் இரண்டு ஆண்டுகள் மூவரும் சிரித்தோம். மூன்றாம் ஆண்டில், அண்ணியாரின் விடை வரவரத் தணிந்த குரலில் வருவதை நான் கவனித்தேன். பெட்டியில் இருந்த இன்டர் விண்ணப்பத்தை எலி தின்னாதிருக்க அவர் பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். என் கையாக இருக்கும் வரை அவர் படிக்க இயலாது. வேறொருவரை அமர்த்திக்கொள்கிறேன், நீங்கள் விண்ணப்பம் போடுங்கள் என்று வற்புறுத்தினேன்.

"வேற ஆளு நீ சொல்றத எழுதுவான் தம்பி. நீ பாதில முழுங்கினு நிக்கறப்ப எவன் காத்துக்கினு இருப்பான்? நீ மொதல்ல கர சேரு. நான் எங்க ஓடிடப் போறேன்?"

தேர்வெழுத எங்களுக்குத் தனியறை தந்தார்கள். மாடிப்படியின் அடியில், விளையாட்டுத் துறையின் ஈட்டிகளுக்கும் காற்றிறங்கிய பந்துகளுக்கும் இடையே அது இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தை நான் சொல்லி முடித்ததும் அண்ணியார் ஒரே தொனியில் "எழுதவா?" என்று கேட்பார். சரியான விடைக்கும் பிழையான விடைக்கும் அத்தொனி மாறாது. கை எழுதணும், தல எழுதக் கூடாது என்பது அவர் கொள்கை. மேற்பார்வையாளர் கதவோரம் ஒளிந்து நின்று கேட்டுப் பார்த்துவிட்டு, பாதி நேரத்தில் சலித்துப் போய்விடுவார்.

வரலாற்றுத் தாளில் ஒருமுறை, விசயநகர மன்னர்கள் அம்பி என்னும் ஹம்பியிலிருந்து நேரே சந்திரகிரிக்குத் தலைநகரை மாற்றினார்கள் என்று சொன்னேன். பேனா நின்றது. அண்ணியாரின் வளையல்கள் ஒருமுறை குலுங்கி அடங்கின. "எழுதவா?" என்றார், அதே தொனியில். எழுதுங்கள் என்றேன். முத்துமுத்தான கையெழுத்தில் என் பிழை விடைத்தாளில் ஏறியது.

வீடு திரும்பும் பேருந்து சித்தூரைத் தாண்டும் வரை அவர் வாய் திறக்கவில்லை. தாண்டியதும் வெடித்தார்.

"மூணு தபா படிச்சிக் காட்டினேனே தம்பி! நேரா சந்திரகிரிக்கே ஓடியாந்துட்டாங்களா உங்க ராஜாங்க? நடுவுல பெனுகொண்டா இன்னா ஆச்சி? டீ குடிக்கக்கூட எறங்கலயா?"

பின்னாலிருந்து நடத்துநர் குரல் கொடுத்தார். "பெனுகொண்டாவுக்கு இந்த பஸ் போகாதும்மா. எறங்கி அனந்தபூர் பஸ் புடிங்க."

நான் எம்.ஏ. முடித்துத் திருப்பதியில் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளனாகச் சேர்ந்த நாளன்று மாலையே அண்ணியார் பெட்டியைத் திறந்தார். பழைய விண்ணப்பம் செல்லாதாகையால் புதிது வாங்கினார். இன்டர் தேறினார். பிறகு தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. சேர்ந்தார். அதுவரை எல்லாம் நேர்வழியே நடந்தது. இரண்டாம் ஆண்டில் அவர் வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. நரம்புத் தளர்ச்சி என்றார்கள். முத்துமுத்தாக எழுதிய கையில் பேனா நிற்கவில்லை.

இனி அவருக்கு ஒருவர் எழுத வேண்டும். என் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர் உதவிப் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். எத்தனையோ மாணவர்க்கு எழுதுபவரைத் தேடித் தந்திருக்கிறேன். ஆயினும் வெளியார் எவரையும் அண்ணியார் ஏற்கவில்லை. வீட்டிலோ தகுதி உள்ளவர் இல்லை. அண்ணியார் விரட்டி விரட்டிப் படிக்க வைத்ததில் அவர் மகள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தார்கள். போதுமான அளவு படிக்காதவர் எங்கள் தெருவிலேயே ஒருவர்தாம் எஞ்சியிருந்தார்.

"பதினெட்டு வருசமா அவ சொல்றதத்தான் செஞ்சிக்கினு இருக்கறேன். இப்ப கவர்மெண்டே ஆர்டர் போட்டுடுச்சி" என்றார் அண்ணன்.

பழைய வழக்கம் விடாமல் சான்றிதழுக்கு மண்டல அலுவலகம் சென்றோம். இடையே இருமுறை மாற்றலாகிப் போன எழுத்தர் மீண்டும் அங்கேயே வந்திருந்தார்.

"இன்னாம்மா, இன்னும் படிக்கலயா?"

"படிச்சிக்கினே இருக்கறேன் சார். இப்ப இவருக்குத்தான் சர்டிபிகேட்."

எழுத்தர் அண்ணனின் மனுவை வாங்கிப் பார்த்தார். "இவருக்கு சர்டிபிகேட் எதுக்கும்மா? இந்த லெட்டரே போதும்."

அண்ணன் மூன்று பருவம் எழுதினார். கடைசிப் பருவத்து வரலாற்றுத் தாள் முடிந்து திருப்பதியிலிருந்து பேருந்தில் திரும்பினோம். சந்திரகிரியில் பேருந்து நின்றதும் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"உங்க ராஜா எறங்கற எடம் வந்துடுச்சி."

"இன்னா மாமா சொல்ற?"

"பெனுகொண்டாவ வுட்டுட்டியே. அம்பிலேர்ந்து நேரா இங்க இட்டாந்துட்ட."

அண்ணியார் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். "ஐயோ! அட, தெரிஞ்சிக்கினேதான் எழுதினியா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"கை எழுதணும், தல எழுதக் கூடாதுன்னு நீதான சொன்ன? எனக்கு தல இருக்கறதே கொஞ்சம். அதயும் வேணாண்ட்ட."

அண்ணியார் சிரித்த சிரிப்பு காணிப்பாக்கம் கூட்டுச்சாலை வரை ஓயவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் எங்களைப் பார்த்து, அந்த அம்மாவுக்கு ஏதேனும் ஆயிற்றா என்று கேட்டார்.

அண்ணியார் தேறினார். பட்டச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்தார். "ரெண்டு அச்சு வெல்லம் எடுத்துக்கினு போயி அந்த சார்கிட்ட காட்டணும். இத்தினி வருசமா கேட்டுக்கினே இருந்தாரு பாவம்" என்பார். அதற்குள் இதயம் பழுதுபட்டுத் திருப்பதி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. சேர்க்கைப் படிவம் நிரப்பிய செவிலியர் கல்வி என்னவென்று கேட்க, அண்ணன் பழக்கத்தால் "டென்த்" என்றார். உயிர்வளி முகமூடியை இடக்கையால் விலக்கி, "பி.ஏ.ன்னு போடச் சொல்லு மாமா" என்றார் அண்ணியார். செவிலியர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதும் ஓசையைக் கேட்ட பிறகே முகமூடியை விட்டார். பன்னிரண்டாம் நாள் மறைந்தார். பட்டச் சான்றிதழ் அஞ்சலில் வந்தது அதற்கு இரண்டு நாள் முன்பு. அண்ணன் அதைப் படுக்கையருகே அமர்ந்து, ஒவ்வோர் ஆங்கில எழுத்தாக, தவறில்லாமல் வாசித்துக் காட்டினார்.

நோய்க்காலத்தில் உடனிருந்த மருத்துவர்கள், செவிலியர்கள், ஊர்தி தந்து உதவிய ஊரார், சமையலைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆகிய அனைவர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்களைப் பெனுகொண்டாவுக்கு வழியனுப்ப முயன்ற நடத்துநர்க்கும் நன்றி. அவர் பெயர் தெரியவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறார். இறப்புச் சான்றிதழ் வேண்டி அண்ணனும் நானும் மண்டல அலுவலகம் சென்றோம். இம்முறை நாங்கள் கேட்டது பட்டியலில் இருந்தது. எழுத்தர் அண்ணனின் மனுவை வாங்கினார். அக்கையெழுத்தைக் கண்டதும் வாசிக்காமலே சிரித்தார்.

"ஏம் பாபு, அம்மா வரலயா? இன்னும் படிக்கலயா?"

அண்ணன் வெல்ல அச்சு இரண்டையும், பட்டச் சான்றிதழின் படியையும் மேசைமேல் வைத்தார்.

"படிச்சிட்டா சார்."

எழுத்தர் மகிழ்ந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். பிறகுதான் மனுவை வாசித்தார். ஆறு வரி, அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

"நம்ப முடியல" என்றார். கையொப்பமிட்டார். அந்தச் சான்றிதழில் ஆறு மாதக் கெடு எழுதப்படவில்லை. வெல்லத்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அவருக்கும் எங்கள் நன்றி.