சீக்கிரம் வந்ததால் தாமதம்

பெண் பார்க்கத் தாமதமானதற்கு உண்மைக் காரணத்தையே சொல்வது என்ற வரலாற்று முடிவை, இன்று சங்கராபுரம் பேருந்தில் எடுத்தேன். டயர் பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம்.

நான் விமானி. காலையில் பின்காற்று தள்ளியதில் சென்னைக்குச் சீக்கிரமே வந்துவிட்டோம். அதனால் எரிபொருள் மிஞ்சி, விமானத்தின் எடை தரையிறங்கும் வரம்பைத் தாண்டி நின்றது. மிஞ்சியதை எரித்து எடையைக் குறைக்கக் கடல்மேல் வட்டமடித்தோம். அதற்குள் மற்ற விமானங்கள் வரிசையில் முந்திக்கொண்டன. நான் பிடிக்க வேண்டிய கள்ளக்குறிச்சி பேருந்தும் போய்விட்டது; அடுத்ததில் போய், அங்கிருந்து சங்கராபுரம் பேருந்து ஏறினேன்.

பெண் வீட்டை அடைந்தபோது ராகு காலம் தொடங்கியிருந்தது. புகைப்படம் பார்த்த நாளிலிருந்தே, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று இருந்தேன்.

பெண்ணின் அப்பா கரும்பு விவசாயி. பொறுமையாகக் கேட்டார்.

“சீக்கிரம் வந்ததால லேட்டாயிடுச்சா தம்பி?”

“ஆமாங்க. வெயிட் ஜாஸ்தி. அப்படியே எறங்குனா சக்கரத்துக்கு ஆவாதுங்க.”

“தூக்கினு போவ முடிஞ்சுது, எறக்க முடியலியா?”

“ஆமாங்க.”

“அதுக்கோசரம் எண்ணெய எரிச்சிக்கினு சும்மா சுத்திக்கினு இருந்தீங்க.”

“ஆமாங்க.”

“இதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்க.”

ராகு காலத்தில் பெண்ணை வெளியே அழைத்துவர மாட்டார்கள். காபி மட்டும் வந்தது. நாளை விடியற்காலையில் மறுபடி விமானம் ஓட்ட வேண்டியிருந்ததால், ராகு காலம் முடியக் காத்திருக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இதை இன்னும் எளிமையாக விளக்கத் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதலாம்.

களமருதூரில் ஓர் ஆசிரியருக்கு அந்தப் பெண்ணைத் தருவதாக முடிவாகிவிட்டது என்று தரகர் சற்றுமுன் போனில் சொன்னார்.